கைதட்டிய பிள்ளைகள் ஏன் கல்லூரிக்கு வரவில்லை?

வாசகர் கேள்வி:

"குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கடற்கரை ஊரில் பிறந்து, எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். போன வருடம் அவுட்ரீச் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வேன் எடுத்து, பேனர் கட்டி, குலசேகரத்துக்கு மேலே இருக்கிற மலையோரப் பள்ளிகள், மேற்குக் கடற்கரைப் பள்ளிகள் என்று பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போனோம். உயர்கல்வி ஏன் வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினோம், நோட்டீஸ் கொடுத்தோம், பிள்ளைகள் நன்றாகக் கைதட்டினார்கள். ஜூன் அட்மிஷனில் பார்த்தால் எப்போதும் வருகிற ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் வரவில்லை. காணி பழங்குடியினர் குடியிருப்புகளில் இருந்து ஒருவர்கூட இல்லை. மூத்த பேராசிரியர் ஒருவர், 'அந்தப் பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் கிடையாதும்மா, நீ ரிப்போர்ட்டை எழுதிக் கொடு' என்கிறார். ஒரு மலையோரப் பள்ளியில் பேசி முடித்த பிறகு ஒரு பெண் மட்டும் பக்கத்தில் வந்து, 'டீச்சர், ஹாஸ்டல்ல சேந்தா எப்பம் வீட்டுக்கு விடுவீங்க?' என்று கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவளும் வரவில்லை. இந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

அந்த மூத்தவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. நாட்டம் இல்லாத பிள்ளை ஹாஸ்டலில் இருந்து எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்காது. அந்தப் பெண் மனதளவில் உங்கள் கல்லூரியில் சேர்ந்தே விட்டாள், அதற்கு அப்புறம் வருகிற கவலையைத்தான் உங்களிடம் கொண்டு வந்தாள். மாதத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்குப் போகலாம், கூட்டிப் போக அப்பாதான் வர வேண்டுமா, மேலே போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்துக்கு வெள்ளிக்கிழமை வார்டன் விடுவாரா, மழையில் பாதை அடைபட்டால் திங்கட்கிழமை வராததற்கு அபராதம் உண்டா. இவை அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உங்கள் நோட்டீஸில் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பு கொடுத்த தரம் இருந்திருக்கும், பாடப்பிரிவுகள் வரிசையாக இருந்திருக்கும், இது இருந்திருக்காது.

நம் மாவட்டத்தில் இதைப் பேசுவதே கொஞ்சம் கஷ்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். 1809லேயே மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய மண் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். உயர்கல்வியிலும் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது, 2021–22 கணக்கில் 18 முதல் 23 வயதுக்காரர்களுக்கான சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, நமக்கு 47. பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்தச் சராசரிக்குள்தான் பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருந்து படகில் வந்து பஸ் பிடிக்கிற பிள்ளை காணாமல் போகிறது, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் விசைப்படகில் பிளஸ் டூ முடித்த கையோடு ஏறிவிடுகிற பையனும் காணாமல் போகிறான். நாகர்கோவிலைச் சுற்றி இத்தனை கல்லூரி இருக்கிறதே, வர விரும்புகிறவன் வந்துவிடுவான் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

வர விரும்புகிற பிள்ளை உண்மையில் எதையெல்லாம் தாண்ட வேண்டும் என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். மே மாதம் ரிசல்ட். அரசுக் கல்லூரி என்றால் ஆன்லைனில் ஒரே விண்ணப்பம், உங்களைப் போன்ற உதவி பெறும் கல்லூரி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், இன்ஜினியரிங் என்றால் அதற்கு ஒரு கவுன்சலிங். ஒவ்வொன்றிலும் ஓடிபி வர ஒரு போன் நம்பர் வேண்டும், அந்த போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா கடலில் இருப்பார். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டும். காணி சமுதாயப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி கூடுதல்: பழங்குடியினர் சான்று தாசில்தாரோடு முடியாது, கோட்டாட்சியர் அளவில்தான் கிடைக்கும், விசாரணை நடந்து கைக்கு வர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு அதற்கு ஓடினால் அட்மிஷன் முடிந்துவிடும். சான்று ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும், பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி போக வேண்டும். ஒரு நாள் போனால் அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு மூன்று தடவை இப்படிப் போய்த் திரும்பிய பிறகு, "கொஞ்ச நாள் துணிக்கடைக்குப் போ மக்களே, அடுத்த வருஷம் பாப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்த வருடம் வராது. இதில் எந்த இடத்திலாவது நாட்டம் இல்லை என்று சொல்ல முடியுமா?

நீங்கள் போய்ப் பேசியது வீண் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பேச்சும் நோட்டீஸும் மட்டும் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை வேறு ஊர்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓஹாயோ, வட கரோலைனா மாநிலங்களில் 2008இல் ஒரு ஆய்வு நடந்தது. வருமான வரிக் கணக்கு எழுத வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு உதவித்தொகை கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கையில் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குத் தகவலோடு சேர்த்து, அங்கேயே உட்கார வைத்து, உதவித்தொகை விண்ணப்பத்தைச் சில நிமிடங்களில் நிரப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு வழக்கமாகக் கிடைக்கிறது மட்டும்தான். விண்ணப்பம் நிரப்ப உதவி கிடைத்த வீடுகளில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் 28 சதவீதத்தில் இருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு இதைவிட முக்கியமான ஆய்வு இந்த விஷயத்தில் வேறு இல்லை. உங்கள் வேன் கொண்டு போனது தகவலை. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருகிற ஒரு ஆள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல், அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பியது: இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, அதற்காகத் தனி விண்ணப்பம் எதுவும் வேண்டாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை எப்படியும் கிடைத்திருக்கும், உறுதியை முதலிலேயே சொன்னது மட்டும்தான் புதிது. கடிதம் வராத பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அங்கே விண்ணப்பித்தார்கள், கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம். "உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உள்ளது" என்கிற வாசகத்தை நம்பி ஒரு ஏழை அப்பா மகளை அனுப்ப மாட்டார், அவர் இடத்தில் நானும் அனுப்ப மாட்டேன். "உனக்கு ஃபீஸ் இவ்வளவு, இதற்கு மேல் ஒரு பைசா கேட்க மாட்டோம்" என்று கல்லூரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அனுப்புவார்.

ஃபீஸ் பேச்சு வந்ததால் ஒன்று. உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவு என்றும் சுயநிதிப் பிரிவு என்றும் இரண்டு இருப்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், மலையில் இருக்கிற வீட்டுக்குத் தெரியாது. அவர்கள் தாமதமாக வரும்போது உதவி பெறும் பிரிவு நிரம்பியிருக்கும், சுயநிதிக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு "காலேஜ்னா இவ்வளவு ஆகும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், அடுத்த நாலு வீடும் அதோடு நின்றுவிடும். போகிற இடத்தில் எல்லாம் இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லுங்கள், தேதியோடு சொல்லுங்கள்.

அடுத்தது காலண்டர். உங்கள் நிர்வாகத்திடம் பேச வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பேன். அட்மிஷன் ஃபீஸ் எப்போது கேட்கிறீர்கள்? ஜூன், ஜூலை. நம் மேற்குக் கரையில், குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் எப்போது? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அவர்களும் அப்போதுதான் மூச்சு விடத் தொடங்குவார்கள். மலைப்பக்கம் பாருங்கள், தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மழைக்காப்பு கட்டாத ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றுவிடும், வெட்டுக்காரருக்கு வேலை இல்லை. மாவட்டத்தின் இரண்டு ஓரத்திலும் வீட்டில் காசே இல்லாத இரண்டு மாதத்தைத் தேடிப் பிடித்து நாம் கட்டணம் கேட்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பல்கலைக்கழகக் காலண்டர் அப்படி. ஆனால் சேரும்போது ஒரு சின்னத் தொகை, மிச்சத்தை செப்டம்பரிலும் நவம்பரிலும் தவணையாக வாங்கிக்கொள்கிறோம் என்று கல்லூரி முடிவெடுத்தால் அரசிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. இந்த ஒரு முடிவு நீங்கள் வேனில் போய்ப் பேசுகிற பத்துப் பேச்சுக்குச் சமம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பன்னிரண்டு பள்ளி வேண்டாம். இரண்டு போதும், மலையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. தலைமையாசிரியரைப் பார்த்து, இந்த வருடம் பிளஸ் டூ படிக்கிற எல்லாப் பிள்ளைகளின் சான்றுகளையும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் சரிபார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கு மேடை வேண்டாம், பேனர் வேண்டாம், ஒரு லேப்டாப்பும் இரண்டு மாணவர்களும் போதும். யாருக்கு எந்தச் சான்று இல்லை, யாருக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை, யாருடைய வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பழங்குடியினர் சான்று இல்லாத பிள்ளைகளின் மனுவை அந்த மாதமே போட்டுவிடுங்கள், கோட்டாட்சியர் இடத்தில் இருக்கிற பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகத்துக்கு நீங்களே கூடப் போங்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் கூட வந்து நிற்கும்போது அலுவலகத்தில் கேட்கிற தொனி மாறும், இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் உண்மை.

திட்டங்களைச் சொல்லும்போது பள்ளியைப் பார்த்துச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியைப் போலவே உதவி பெறும் பள்ளியும் ஊருக்கு ஊர் இருக்கிறது, பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். மருத்துவம், இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு என்று தொடங்கி, அப்புறம் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரிவானது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது, அதிலும் அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் உண்டு. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இதைத் தப்பாகச் சொல்லி, நம்பி வந்த பிள்ளைக்கு இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஊரில் உங்கள் பேச்சு அதோடு எடுபடாது.

பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள், கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். பால் வெட்டு விடியற்காலையில் தொடங்கி, பாலெடுத்து முடிய மதியம் ஆகும், அதற்குப் பிறகு குடியிருப்புக்கே போங்கள். கடற்கரையில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் நல்லது, பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற அன்பியக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டால் பங்குத்தந்தை மறுக்க மாட்டார். அண்டி ஆபீஸ் அம்மாக்களை மகளிர் சுயஉதவிக்குழு கூடுகிற சாயங்காலம் பாருங்கள். நீங்கள் கடற்கரைப் பிள்ளை, உங்களுக்கு அந்தப் பேச்சு வரும். மலைக்கு, அந்தப் பக்கத்தில் இருந்து வந்து உங்கள் கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ படிக்கிற ஒரு மாணவியைத் தேடிப் பிடித்துக் கூட்டிப் போங்கள். ஹாஸ்டல் கேள்விக்கு அவள் சொல்கிற பதிலை அந்த அம்மா நம்புவார், நீங்களோ நானோ சொன்னால் தலையாட்டுவார். அந்த மாணவிக்கு இதற்காகப் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கல்லூரி தர வேண்டும், சேவை என்று சொல்லி ஏழைப் பிள்ளையின் கைக்காசைச் செலவழிக்க வைக்கக் கூடாது.

பையன்களை மறந்துவிடாதீர்கள். அவுட்ரீச் என்றால் பெண் பிள்ளைகளை வீட்டில் விடாத கதையைத்தான் எல்லாரும் பேசுகிறோம், ஆனால் கடற்கரையிலும் மலையிலும் சீக்கிரம் நழுவுகிறவன் பையன்தான். கேரளாவில் கட்டட வேலைக்குக் கையாளாகப் போனால் அன்றைக்கே காசு, விசைப்படகில் போனால் பங்கு. 2017 நவம்பர் 30இல் ஒகி புயல் அடித்தபோது நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இருந்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள், தூத்தூர் வட்டாரத்தில் அப்பா திரும்பி வராத வீட்டில் மூத்த பையனிடம் போய் "படிப்பு முக்கியம் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியாது. அவனிடம் கணக்கைப் பேசுங்கள். மாதம் 1000 வருகிறது, மதியம் வரைதான் வகுப்பு என்றால் சாயங்காலம் வேலைக்கு வழி உண்டா, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறதே, அவன் மதிப்பெண்ணுக்கு அது எட்டுமா, இல்லையென்றால் பாலிடெக்னிக் போய் இரண்டு மூன்று வருடத்தில் சம்பளத்துக்குப் போகலாமா.

இந்த இடத்தில் உங்கள் முதல்வர் முகம் சுளிக்கலாம், நம் செலவில் வேன் எடுத்துப் போய் வேறு கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதா என்று. ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும். சீட் நிரப்பப் போகிற பயணத்தைக் கேன்வாசிங் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு ஒரு செலவுக் கணக்கும் இருக்கட்டும், ஆனால் அதை ஏழைப் பிள்ளைகளுக்கான பணி என்று ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒரு காணிப் பிள்ளைக்கு வேளாண்மை பிடிக்கும், மதிப்பெண்ணும் இருக்கிறது என்றால் உங்கள் பி.ஏ.வில் சேர்த்துக்கொள்வது அவளுக்குச் செய்கிற அநியாயம். முதல்வருக்கு நாக் பற்றிய கவலை இருந்தால், நாற்பது போட்டோவை விட, பிளஸ் டூவில் இருந்து இரண்டாம் வருடம் வரை பெயர் பெயராகப் பின்தொடர்ந்த ஒரு பதிவேடு வலுவான சான்று என்று சொல்லுங்கள்.

பதிவேட்டில் ஜூனோடு நிறுத்தாதீர்கள். இடம் உறுதியான பிறகும் வகுப்பு தொடங்குவதற்குள் காணாமல் போகிற பிள்ளைகள் உண்டு, அமெரிக்காவிலேயே பத்தில் ஒருவர் இருவர் அப்படி உதிர்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு போன் போதும்: பை வாங்கியாச்சா, பஸ் பாஸுக்கு எழுதிக் கொடுத்தாச்சா, முதல் நாள் யார் கூட வருகிறீர்கள். வந்த பிறகு முதல் பருவம்தான் கண்டம். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து வேதியியலை ஆங்கிலத்தில் கேட்கிற பிள்ளைக்கு முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் மார்க் குறையும், அது தனக்கு அறிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளும், நவம்பரில் அரியர் விழுந்தால் பொங்கல் விடுமுறைக்குப் போனது திரும்பாது. அந்தத் துறை ஆசிரியரிடம் நீங்கள் முன்னாலேயே சொல்லி வையுங்கள், வகுப்பில் எல்லார் முன்னாலும் "எந்த ஊரு, என்ன ஆளு" என்று கேட்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடாதீர்கள், ஆனால் இப்போது இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். இந்த வேலையின் கனம் முழுக்க மே, ஜூனில் விழுகிறது, அது உங்களுக்குக் கோடை விடுமுறை. அந்த நாட்களுக்கு ஈடாக அடுத்த பருவத்தில் வகுப்புச் சுமையைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள், மலைப்பக்கத்தைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவரைக் கூடச் சேர்த்துக் கேளுங்கள், வேனுக்கு ஒதுக்கிய பணத்தைச் சான்றுச் செலவுக்கும் மாணவர்களின் பஸ் செலவுக்கும் மாற்றித் தரும்படி கேளுங்கள். இந்த மூன்றும் கிடைத்தால் இரண்டு பள்ளியோடு தொடங்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பள்ளி. அப்புறம், அந்த ஹாஸ்டல் கேள்வி கேட்ட பெண்ணை அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும். படிப்பை விட்டு ஒரு வருடம் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம், உயர்வுக்குப் படி என்று அரசு நடத்துகிற முகாமே விடுபட்ட பிள்ளைகளுக்கானதுதான். வார்டனிடம் வெள்ளிக்கிழமை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்த வாரமே அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.